எல்லாரும் வந்தாச்சு

நவம்பர் 5, செவ்வாய்

காலை பிரஷர் 150/90. மாலை 140/90. உப்பில்லாத கஞ்சியில் பாதியைத்தான் குடித்தார்கள் அத்தான்.

இருதய ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து பிரஷரைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்காக வாங்கிய டைரி இது. பக்கத்தில் முக்கால்வாசி காலியாகக் கிடப்பதைப் பார்க்க மனம் வரவில்லை. அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

அத்தான் நடத்தி வந்த பேப்பர் ஏஜென்சியை நான் பார்க்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகப் போகிறது. விடியுமுன் வேன்காரர் கட்டுகளைக் கடை வாசலில் போட்டுவிட்டுப் போவார். நான் ஷட்டரைத் தூக்கி, இணைப்புத் தாள்களைச் சொருகி, லைன் வாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். லைன் என்றால் ஒரு ஆள் பேப்பர் போடும் தெருக்கள். நமக்கு நாலு லைன், நாலு பிள்ளைகள். ரூபன் பாலிடெக்னிக். அந்தோணியும் கண்ணனும் ஐடிஐ. நாலாவது மாரிச்செல்வி. டிகிரி முடித்துவிட்டாள். போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டு, ஓட்டத் தேர்வுக்காகக் காத்திருக்கிறாள்.

இன்று கட்டுகளை என்னால் தூக்க முடியாமல் திணறியபோது அவள்தான் வந்து பிடித்தாள்.

"நீங்க சொருகுற வேலைய மட்டும் பாருங்கக்கா. தூக்குறத எங்ககிட்ட விடுங்க. அண்ணாச்சியும் படுத்து, நீங்களும் படுத்துட்டா நாங்க எங்க போறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நவம்பர் 8, வெள்ளி

140/85. நடைப்பயிற்சி: வீட்டுக்குள்ளேயே பத்து சுற்று.

பரமசிவம் சார் போன் செய்தார். துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாரிச்செல்வியின் லைனில் வரும் காலனிக்கு நலச்சங்கத் தலைவரும் அவர்தான். "என்னம்மா, மணி ஆறேகால், இன்னும் பேப்பர் வரல. உங்க வீட்டுக்காரர் தவமணி பாத்தப்ப இப்படி நடந்ததில்லையே" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் காலனியில் வேறொரு ஏஜென்ட் நோட்டீஸ் போட்டிருக்கிறானாம். "மழையோ வெயிலோ, ஆறு மணிக்கு உங்கள் வாசலில்." இரண்டு வீடுகள் ஏற்கெனவே அவன் பக்கம் போய்விட்டன. அத்தானிடம் இதைச் சொல்லவில்லை. பிரஷர் ஏறும்.

நவம்பர் 12, செவ்வாய்

லைன் முடிந்ததும் செல்வி நேரே தருவை மைதானத்துக்குப் போய் ஓடுகிறாள். இன்று மருந்துக் கடைக்குப் போகும் வழியில் பார்த்தேன். கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வருகிறது. அப்படி ஒரு ஓட்டம். என்னைப் பார்த்ததும் மூச்சு வாங்க வேலியோரம் வந்தாள்.

"டிசம்பர் ஒம்பதாம் தேதி நம்ம ஊருலயே செலக்‌ஷன்க்கா. லெட்டர் வந்துட்டு."

"ஜெயிச்சுருவட்டி."

"ஜெயிக்கணும்க்கா. இதுக்கடுத்து எப்ப ஆள் எடுப்பாங்களோ தெரியாது. எங்கம்மாவ உப்பளத்துல இருந்து வெளிய கொண்டு வரணும். அவ உள்ளங்காலப் பாத்தீங்கன்னா உங்களுக்குச் சோறு எறங்காது."

நானும் அவளுக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொன்னேன்.

நவம்பர் 15, வெள்ளி

மத்தியானத்திலிருந்து மழை. பள்ளிகளுக்கு நாளைக்கும் விடுமுறை. பரமசிவம் சார் மறுபடியும் போன் செய்தார். "நாளைக்கு மழை ஜாஸ்தியா இருக்கும்ங்கிறாங்க. பேப்பர் வருமா வராதா? வராதுன்னா இப்பவே சொல்லிரும்மா. அந்தப் புது ஆளு வரும்னு சொல்லுதான்."

வரும் என்று சொன்னேன்.

நவம்பர் 16, சனி

காலை ஏழு மணி. நாலு லைனும் போய்விட்டது! மழை ஒரு நிமிடம்கூட விடவில்லை. ஐந்து மணிக்குக் கடையில் நான் மட்டும்தான் நின்றேன். நாலு பேருக்கும் போன் போட்டேன். நாலு பேரும் வந்துவிட்டார்கள். எந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேசினால் வரும் என்பது எனக்கும் கைவந்துவிட்டது. "இன்னைக்கு ஒரு ஆள் லீவு இல்ல" என்று அத்தானிடம் சொன்னேன். "அடேயப்பா!" என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர்கள் முகத்தில் இன்றுதான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

மாலை. செல்வி விழுந்துவிட்டாள். காலனி மூன்றாம் தெருவில் ரோடு எது, சாக்கடை ஓடும் வாறுகால் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றிருக்கிறது. வாறுகால் மேல் போட்டிருந்த சிலாப் ஒன்று புரண்டு கிடந்திருக்கிறது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவளின் வலது கால் உள்ளே போய்விட்டது. பால்காரர்தான் இழுத்துப் போட்டு ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம். பெரியாஸ்பத்திரி.

பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று சபையில் திருவிருந்து ஆராதனை. முழங்கால் வலியாக இருந்ததால் எழுந்து அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்குப் போகவில்லை.

ஆராதனை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவளுடைய அம்மா சண்முகக்கனி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாக்கா இந்தக் கிறுக்கி செஞ்ச வேலைய? போகாதட்டி, போகாதட்டின்னு வாசல்ல நின்னு கத்துதேன். எல்லாரும் வந்தாச்சாம், இவ ஒருத்தி போகலன்னா ஊரு முழுகிப் போயிருமாம்! மூணு வருசம் ஓடுன ஓட்டத்தக் கொண்டு போயி சாக்கடைல போட்டுட்டு வந்திருக்கா."

செல்வி கண்ணைத் திறக்காமலே, "விடும்மா, நானாத்தான போனேன்" என்றாள்.

"கேட்டீங்களாக்கா? நீங்களாவது ஒரு வார்த்த வராதன்னு சொல்லப்படாதா?"

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க சொன்னா எங்க கேக்குது" என்றேன்.

வாங்கிப் போன ஆப்பிளைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

செல்விக்கு ஆபரேஷன். உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். நடக்கவே இரண்டு மாதம் ஆகுமாம். ஓடுவதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அத்தான் கேட்டார்கள். "அவ்வளவு மழையில பிள்ளைகள வரச் சொன்னியா எஸ்தர்?"

"இல்லத்தான். அதுகளா வந்துச்சு."

"நான்னா லைன நிறுத்தியிருப்பேன். ஒரு நாள் பேப்பர் இல்லன்னா ஏசுவாங்க. மறுநாள் மறந்துருவாங்க."

அதை எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு மாதமாகக் கட்டிலில் படுத்துக்கொண்டு எத்தனை விஷயம் சொல்லித் தந்தார்கள். இதை ஏன் சொல்லவில்லை?

"வா" என்றுதான் சொன்னேன். "வந்தே ஆகவேண்டும்" என்று சொல்லவில்லை.

நவம்பர் 21, வியாழன்

145/90.

செல்வி லைனை நான் எடுத்துக்கொண்டேன். ஆள் கிடைக்காமல் இல்லை. எனக்கே போகவேண்டும் போலிருந்தது. ஸ்கூட்டியில் பேப்பர் கட்டை வைத்துக்கொண்டு இருட்டோடு கிளம்பினேன். முதல் தெருவிலேயே நாய்கள் சூழ்ந்துகொண்டன. இறங்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. யாரோ ஒருவர் ஜன்னலைத் திறந்து "ச்சீ, போ" என்று சத்தம் போட்டார். நாய்களை விரட்டினாரா, என்னையா என்று தெரியவில்லை.

லிஃப்ட் உள்ள ஒரு அப்பார்ட்மெண்டில், பேப்பர் போடுகிறவர்கள் படியில்தான் ஏற வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாம் மாடி ஏறியதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு அம்மா கோலப் பொடிக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள்.

"புதுசா? அந்தப் பையன் எங்க?"

"எந்தப் பையன்?"

"தினம் போடுவானே, ரெயின்கோட்டுத் தொப்பி போட்டுக்கிட்டு. நல்ல பையன். எறியமாட்டான். கதவு இடுக்குல மடிச்சு வச்சிட்டுப் போவான்."

"அது பையன் இல்லம்மா. பொம்பளப் பிள்ள. மாரிச்செல்வி."

"அப்படியா!" என்று வாயில் கை வைத்தாள். ஒன்றரை வருடமாக இந்த வாசலுக்கு வந்து போயிருக்கிறாள் செல்வி. அவள் பெண் என்று தெரியவில்லை. நான் அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. அத்தானுக்குத் துணை வேண்டும்.

நவம்பர் 27, புதன்

செல்வியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். சண்முகக்கனி உப்பளத்துக்குப் போயிருந்தாள். மழைக்குப் பிறகு அங்கே வேலை குறைவு. கரை கட்டுகிற வேலைக்கு மட்டும் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"அம்மா இன்னும் பேச மாட்டேங்கிறாக்கா" என்றாள் செல்வி. "சோறு வைப்பா, மருந்து தருவா. மூஞ்சியத் திருப்பிக்கிடுவா. நேத்து அத்தைகிட்ட போன்ல சொல்லுதா, 'என் பிள்ளைக்கு வேல கிடைக்கக் கூடாதுன்னு அவளே முடிவு பண்ணிட்டா'ன்னு."

நான் குழம்பை வேறு பாத்திரத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் செஞ்சது கிறுக்குத்தனமா? நீங்களே சொல்லுங்க. எல்லாரும் வந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிக் கட்டில்ல படுத்துக் கெடக்க?"

"சாப்பிடு, ஆறிரும்" என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

135/85. அத்தான் இன்று வாசல் வரை நடந்தார்கள்.

பரமசிவம் சார் கடைக்கே வந்தார். விழுந்தது பெண் பிள்ளை என்று இப்போதுதான் கேள்விப்பட்டாராம். மனசு கேட்கவில்லை என்றார். காலனியில் பேப்பர் போடும் பிள்ளைகளுக்கு ஒரு பாராட்டு விழா நடத்தப் போகிறார்கள். "நாம வாசலத் தொறக்கும்போது பேப்பர் கெடக்கும். அது தானா முளைக்குதுன்னு நெனச்சுக்கிட்டோம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒண்ணு கேக்கலாமாம்மா? அன்னைக்கு நான் முந்தின நாளே போன் போட்டு நச்சரிச்சேன். அதனால நீங்க பிள்ளைங்கள வற்புறுத்திக் கூப்பிட்டீங்களா?"

"இல்ல சார். அவங்களா வந்தாங்க."

அவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்லம்மா."

இந்த ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. அந்த நல்ல மனிதருக்காவது தூக்கம் வரட்டும் என்று சொன்னதாக நினைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

லைன் முடித்துத் திரும்பும்போது மைதானத்தைத் தவிர்த்து வேறு வழியில் போயிருக்கலாம். போகவில்லை, மைதானம் வழியாகவே வந்தேன். நெஞ்சில் நம்பர் ஒட்டிய பெண் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். விசில் ஊதினார்கள். முதல் கூட்டம் ஓடியது. வேலிக்கு வெளியே தாய் தகப்பன்மார் பெயர் சொல்லிக் கத்தினார்கள்.

நானும் கொஞ்ச நேரம் நின்றேன். ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்ய மறந்து உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

விழா முடிந்து வந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

காலனிப் பூங்காவில் பந்தல் போட்டிருந்தார்கள். "மழையிலும் கடமை மறவாத பேப்பர் பையன்களுக்குப் பாராட்டு" என்று பேனர். பையன்கள் என்பதைப் பார்த்துச் செல்வி சிரித்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சண்முகக்கனி நல்ல சேலை கட்டி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். காலனிப் பெண்கள் வந்து செல்வியின் கையைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். மூன்றாம் மாடி அம்மா ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்து, "உன்னையப் பையன்னு சொல்லிட்டேனே தாயி" என்று அழுதாள்.

பரமசிவம் சார் மைக்கைப் பிடித்தார். "ஆறு மணி தாண்டுனா போன்ல கத்துற ஆளு நான்தான். அன்னைக்கு முந்தின நாளும் கத்துனேன். இந்தப் பிள்ளைங்ககிட்ட எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்." வயதில் மூத்தவர். கும்பிட்டார். பந்தலே எழுந்து கை தட்டியது. பிறகு என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியாகச் செல்வி பேசினாள். எழுந்திருக்க முடியாததால் மைக்கை அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"என்னையத்தான் எல்லாரும் பாராட்டுறீங்க. நான் விழுந்ததுக்குப் பாராட்டா? அன்னைக்கு எனக்குப் போக மனசே இல்ல. அக்காகிட்ட லீவு கேட்டேன். ரூபன், அந்தோணி, கண்ணன் எல்லாரும் வந்தாச்சு, நீ ஒருத்திதான் பாக்கின்னு அக்கா சொன்னதும் எனக்கு வெக்கமாப் போச்சு. அவனுங்க மூணு பேரும் எனக்கு முன்னாலயே வந்துட்டானுங்க. அதனால இந்தக் கைதட்டு அவனுங்களுக்குத்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். ரூபன் தட்டவில்லை. அந்தோணியைத் திரும்பிப் பார்த்தான். அந்தோணி கண்ணனைப் பார்த்தான்.

டிபன் கொடுக்கும் இடத்தில் ரூபன் என்னிடம் வந்தான். இலையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"அக்கா, எனக்கு நீங்க போன் போட்டப்ப, செல்வி வந்து பேப்பர் கட்டையும் தூக்கிட்டுப் போயாச்சு, ஒரு பொம்பளப் பிள்ளைக்கு இருக்கிற தைரியம் உனக்கில்லையான்னு கேட்டீங்க."

நான் என் இலையைக் கீழே வைத்தேன்.

"நான் லைனுக்குப் போகும்போது எதுக்க அவ சைக்கிள்ல கடைக்கு வந்துக்கிட்டிருந்தா. ஏதோ மறந்துட்டுத் திரும்பி வாரான்னு நெனச்சேன். இப்பத்தான அந்தோணியும் சொல்லுதான். அவன்கிட்ட நானும் செல்வியும் வந்தாச்சுன்னு சொல்லியிருக்கீங்க."

"ரூபா..."

"நீங்க போன் போட்டப்ப யாருமே வந்திருக்கலக்கா. யாருமே வந்திருக்க மாட்டோம்."

"செல்விகிட்ட சொன்னியாப்பா?"

"நான் ஏன் சொல்லணும்? நீங்க சொல்லுங்க." சட்டைப் பையிலிருந்து கடையின் மாற்றுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தான். "நாளைலேர்ந்து நான் வரல."

ஆமாம். அப்படித்தான் செய்தேன். ஒவ்வொருவரிடமும் மற்றவர்கள் வந்துவிட்டார்கள் என்றேன். செல்வி என்ன சொன்னாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்கக்கா. செலக்‌ஷன் நேரம். காலுல ஏதும் பட்டுச்சுன்னா எல்லாம் போச்சு" என்றாள். இந்த வார்த்தையேதான். அது என் காதில் விழுந்தது. விழுந்த பிறகும்தான் "எல்லாரும் வந்தாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி" என்றேன்.

டிசம்பர் 16, திங்கள்

ரூபன் வரவில்லை. அவன் லைனையும் நானே போட்டேன். முடிக்க எட்டரை ஆகிவிட்டது. ஏழெட்டுப் பேர் ஏசினார்கள். ஒருவரும் ஏஜென்சியை விட்டுப் போகவில்லை.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். "என்னால வந்தது" என்றார்கள். இல்லை என்றேன். அவர்கள் நெஞ்சு வலியை நான் சாக்காக வைக்கப் போவதில்லை.

டிசம்பர் 18, புதன்

செல்வி வீட்டுக்குப் போனேன். நேற்றும் போனேன், தெருமுனை வரை.

வாசலில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்கக்கா, இன்னைக்குக் குழம்பு இல்லையா?" என்று கேட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். நின்றுகொண்டே சொன்னேன். அவளுக்குப் போன் போட்டபோது கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை என்றேன். மற்ற மூன்று பேரிடமும் அவள் பெயரைச் சொல்லியே கூப்பிட்டேன் என்றேன். அவள் அம்மாவிடம், அத்தானிடம், பரமசிவம் சாரிடம் சொன்ன பொய்களையும் சொன்னேன்.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

"நான் அன்னைக்கு வரலன்னா என்னக்கா ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது. உன் லைனுக்கு ஒரு நாள் பேப்பர் போயிருக்காது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் தன் காலைப் பார்த்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை அசைத்துப் பார்த்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"அழாதீங்கக்கா. நீங்க அழுதா நான் ஆறுதல் சொல்லணும். என்னால இப்ப முடியாது."

சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணு செய்யுங்க. இத எங்கம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா தப்பிக்கப் பாக்கேன்னுதான் நெனைப்பா. அம்மா வார வரைக்கும் இருந்து, நீங்களே சொல்லுங்க."

இருந்தேன். செல்வி உள்ளே போய்விட்டாள். நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாயும் நேரத்தில் சண்முகக்கனி வந்தாள். காலிலும் சேலை ஓரத்திலும் சேறு. "ஏன்க்கா வெளிய இருக்கீங்க? ஏட்டி, அக்காவுக்கு ஒரு நாற்காலி போட மாட்டியா?" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவள் தலைச் சும்மாட்டை அவிழ்த்துக் கையில் வைத்தபடி கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில நான் உங்க கையப் பிடிச்சுக் கேட்டேன்."

"ஆமா."

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க சொன்னா கேக்காதுன்னு சொன்னீங்க."

"ஆமா கனி."

"அதக் கேட்டுட்டுத்தான் நான் எம்பிள்ளைய அவ்வளவும் ஏசுனேன். ஒரு மாசம். பச்ச எலும்பு முறிஞ்சு கெடந்தவள."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். சேற்றுக் காலைக்கூடக் கழுவவில்லை.

உள்ளே பேச்சு கேட்டது.

"என்னய ஏன்ட்டி ஏச விட்ட? அக்காதான் கூப்பிட்டான்னு ஆஸ்பத்திரியிலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"கூப்பிட்டது அக்கா. வந்தது நான்தானம்மா."

பிறகு சண்முகக்கனி அழும் சத்தம் கேட்டது. செல்வியும் அழுதாள். என் முன்னால் அழாதவள் அங்கே அழுதாள். நான் படியிலிருந்து எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

பரமசிவம் சாரிடமும் சொல்லிவிட்டேன். அவர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. "அப்ப நான் போட்ட போனும் அதுக்குள்ள இருக்கத்தான செய்யுது" என்றார். இருக்கிறது என்றேன். இந்த முறை அவருக்கு ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

டிசம்பர் 25, புதன்

பிரஷர் 130/80. ஆராதனைக்குப் போனோம், அத்தானும் வந்தார்கள். செல்வி வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நாம் கொடுப்பதை இப்போது அவர்கள் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு?

ஜனவரி 4, சனி

மத்தியானம் செல்வியிடமிருந்து போன். அவள் பெயரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"அக்கா, ரெண்டு விஷயம். நான் இனிமே லைனுக்கு வரல. கால் நல்லானாலும் வரல."

"சரிம்மா."

"ரூபன் வருவான். நான் பேசிட்டேன். ஆனா ஒரு கண்டிஷன். மழை பெலமா இருந்தா லைனுக்குப் போறதா வேண்டாமான்னு அந்தப் பிள்ளைங்கதான் முடிவு பண்ணும். நீங்க போன் பண்ணக் கூடாது. நாய்த் தொல்ல இருக்கிற தெருவுக்கு ரெண்டு பேராத்தான் போகணும். அந்த அப்பார்ட்மெண்ட்ல லிஃப்ட விடச் சொல்லி நீங்க போய்ப் பேசணும். விடலன்னா கீழயே பேப்பரப் போட்டுட்டு வரச் சொல்லணும். இத ஏத்துக்கிட்டா அவன் திங்கக்கிழம வருவான்."

தடுமாறாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்கு எதிரே ஒரு போலீஸ்காரி நின்று பேசுவது போலவே இருந்தது.

"ஏத்துக்கிடுதேன் செல்வி. எல்லாத்தையும்."

"சரி."

"கால் எப்படிம்மா இருக்கு?"

பின்னால் பிரஷர் குக்கர் விசிலடிக்கும் சத்தமும், சண்முகக்கனி ஏதோ கேட்பதும் காதில் விழுந்தது.

"தரையில ஊனுதேன்" என்றாள். "வச்சிரட்டுமா?"

வைத்துவிட்டாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பார்ட்மெண்ட் செகரட்டரியைப் பார்க்கச் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.